மூன்றாம் படி வரை ஈரம்

புளித்த பனங்காடி கொதித்தால் கண் எரியும், அது அதன் குணம், அதற்காக அடுப்பை விட்டு எழுந்து போக முடியாது. மஞ்சள் போட்டேன், பூண்டு போட்டேன், இடித்த மிளகாய் போட்டேன், உப்பு, உப்புப் போட்டேனா, போட்டிருப்பேன், கை தானாகப் போட்டிருக்கும். நல்ல எருமைக் கறி. ஓரத்தில் வெள்ளையாகக் கொழுப்பு, எலும்பு அதிகமில்லை, பார்த்து வாங்கியிருக்கிறான். மருமகனுக்கு இவ்வளவு விவரம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஜெய்லானியைப் பார்த்தால் கத்தரிக்காய் வாங்கக்கூட நாலு பேரைக் கேட்கிற ஆளாகத்தான் தெரியும். நாளைக்கு நோன்பு தொடங்குகிறது, இன்று மெகாங், அச்சே முழுக்க எந்தக் கம்போங்குக்குப் போனாலும் இன்றைக்கு அடுப்பில் கறிதான். கறி வேகாத வீட்டில் ஆம்பிளை இல்லை என்று அர்த்தம். எங்கள் பக்கம் பெண் புருஷன் வீட்டுக்குப் போகிற வழக்கம் கிடையாது, புருஷன்தான் பெண் வீட்டுக்கு வருவான். இந்த வீடு என் அம்மாவுடையது, பிறகு என்னுடையது, இனி என் மகள் ரவ்ஸாவுடையது. ஆம்பிளைகள் வந்து தங்குகிறவர்கள். தங்குகிறவன் மெகாங் அன்றைக்காவது கையில் கறியோடு படியேற வேண்டும், அவ்வளவுதான் நாங்கள் கேட்பது. அதிலும் கல்யாணம் ஆகி வருகிற முதல் மெகாங் என்றால் ஊரே கண்ணை அந்தப் படியில்தான் வைத்திருக்கும். வைத்திருக்கட்டும். என் மருமகன் கொண்டுவந்துவிட்டான். எத்தனை வருஷத்துக்குப் பிறகு இந்த வீட்டில் காடி கொதிக்கிறது.

கொண்டுவந்தவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டான், மாமியார் முகத்தை நேரே பார்த்துப் பேசுவது எங்கள் ஊரில் புது மருமகனுக்கு அழகில்லை, நான் சமையலறையில் இருந்தால் அவன் வீட்டைச் சுற்றிக்கொண்டு போவான், நான் கிணற்றடியில் இருந்தால் சமையலறை வழியாகப் போவான், இருவரும் ஒரு கூரைக்குக் கீழே கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருக்கிறோம். சுபுஹு தொழுதுவிட்டுச் சிநேகிதனுடைய பைக்கில் சந்தைக்குப் போனான். நான் கிணற்றடிக்குப் போய்த் திரும்பி வந்தேன், படிக்கட்டுக் கம்பத்தில் பொட்டலம் தொங்கியது. கொண்டுவந்து மாட்டிவிட்டுக் காப்பிக் கடைக்கு ஓடிவிட்டான் என்று சிரித்துக்கொண்டேன். படியில் ஈரக்கால் தடம் இருந்தது. கீழே ஜாடித் தண்ணீரில் கால் கழுவியிருக்கிறான், முதல் படி ஈரம், இரண்டாம் படி ஈரம், மூன்றாம் படி வரை ஈரம், அதற்கு மேலே காய்ந்த பலகை. அப்போதே யோசித்திருக்க வேண்டும். இந்த வீட்டில் படுத்து எழுகிறவன் மூன்றாம் படியில் ஏன் நிற்கிறான். மேலே வரலாமா வேண்டாமா என்று நிற்கிறவன் அல்லவா அங்கே நிற்பான். யோசிக்கவில்லை, பொட்டலத்தை அவிழ்த்தேன், கழுவினேன், வெட்டினேன், சட்டியில் போட்டேன்.

பாக்குமட்டையில் கட்டியிருந்தது. வாழைநாரில் இரண்டு சுற்று, மேலே ஒரு சுருக்கு. இந்தக் காலத்தில் யார் பாக்குமட்டையில் கறி கட்டுகிறார்கள், எல்லாம் பிளாஸ்டிக் பைதான். என் வீட்டுக்காரர் மாரூஃப் அப்படித்தான் கட்டுவார். பிளாஸ்டிக்கில் வைத்தால் கறி மூச்சு முட்டிச் செத்துவிடும் என்பார். செத்த பிறகுதானே அது கறி ஆனது என்று நான் கேட்டால் பதில் வராது, சிரிப்பார். சிரிப்பாரா. பல் தெரியச் சிரிப்பாரா, வாயை மூடிக்கொண்டா. இதுதான் கொஞ்ச நாளாக எனக்கு வந்திருக்கிற வியாதி. என் புருஷன் முகம் எனக்கு வரமாட்டேன் என்கிறது. சட்டை வருகிறது, ஆனால் அது நீலமா வெள்ளையா என்று சண்டை வருகிறது. ஒரு மெகாங் காலையில்தான் போனார், ரவ்ஸா அப்போது என் வயிற்றில், கறி வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று போனவர். பாலத்தடியில் லாரியை நிறுத்தி ஆட்களை இறக்கினார்கள் என்றார்கள். யார் இறக்கினார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், அப்புறம் ஒன்றுமே சொல்லவில்லை, பட்டாளத்துக்கும் காட்டுக்குள் இருந்தவர்களுக்கும் சண்டை நடந்த அந்த வருஷங்களில் கம்போங்கில் எல்லாருக்கும் திடீரென்று காது கேட்காமல் போயிருந்தது. பிறகு ஒருத்தன் வந்து கரையோரச் சிறையில் அவரைப் பார்த்தேன் என்றான். நான் கிளம்புவதற்குள் கடல் ஏறி வந்துவிட்டது. பாலத்தடியில் செத்தவரா, கடலில் செத்தவரா, இரண்டு தடவை ஒருத்தர் சாக முடியாது, அப்படியென்றால் ஒரு தடவைகூடச் சாகவில்லையோ என்று என் புத்தி போகும். மய்யித்தைப் பார்க்காமல் செத்தவருக்கான ஃபாத்திஹா ஓதுவது எப்படி, ஓதிய மறுநாள் அவர் படியேறி வந்தால் நான் எந்த முகத்தோடு நிற்பது. ஓதவில்லை. இன்றுவரை ஓதவில்லை. இமாம் சொல்லிப் பார்த்தார், என் அம்மா சொல்லிப் பார்த்தாள், அவளும் போய்ச் சேர்ந்தாள். முகத்தை வரவழைக்கக் கண்ணை மூடினால் இப்போதெல்லாம் வயல் மடை திறந்துவிடுகிற மடைக்காரர் முகம் வருகிறது. அதுதான் எனக்குப் பயம். ஒருத்தர் இடத்தில் இன்னொருத்தர் வந்து சாவகாசமாக உட்கார்ந்துகொள்கிறார், எழுந்திரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மாக், அவர் வந்துட்டார்," என்று கீழிருந்து ரவ்ஸா குரல் கொடுத்தாள். எங்கள் வீடு தூண்மேல் நிற்கிற வீடு, அவள் அடியில் நிழலில் உட்கார்ந்து பாக்கு பிளந்துகொண்டிருந்தாள். பலகை இடுக்கு வழியே அவள் குரல் மேலே வரும், என் அடுப்பு வாசம் கீழே போகும். யார் வந்துட்டார் என்று கேட்டேன். ஒரு நிமிஷம் எனக்குச் சட்டை நீலம் என்று நிச்சயமாகத் தெரிந்தது. கரண்டி கையில் இருந்தபடியே எட்டிப் பார்த்தேன். ஜெய்லானி. பைக்கிலிருந்து இறங்குகிறான், கையில் சிவப்பு பிளாஸ்டிக் பை, பை நிறையக் கறி. கூட்டம் தாங்கவில்லை, மத்தியானம் ஆகிவிடுமோ என்று பயந்துவிட்டேன் என்று பெண்டாட்டியிடம் சொல்கிறான், எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொல்கிறான். கால் கழுவினான், மூன்றாம் படியில் நிற்காமல் மேலே வந்தான், என்னைப் பார்க்காமல் பையைத் திண்டின்மேல் வைத்தான், மூக்கைச் சுருக்கினான், ஏற்கெனவே வேகிறதே என்று கேட்க நினைத்துக் கேட்காமல் இறங்கிப் போனான். நான் சட்டியைப் பார்த்தேன், பையைப் பார்த்தேன். பை அவன் கொண்டுவந்தது. அப்படியானால் சட்டியில் இருப்பது யாருடையது.

இமாமின் மனைவி போன வாரம் வந்து போனாள். வந்தால் சும்மா வரமாட்டாள், என் வெற்றிலைப் பெட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவாள். மடைக்காரர் ஹாஸ்பிக்கு உன்மேல் விருப்பம் என்றாள். வயலுக்குத் தண்ணீர் பங்கு வைக்கிற மனுஷன், பெண்டாட்டி மவுத்தான பிறகு அவள் வீட்டில் தங்க முறையில்லை, தொழுகைக்கூடத்துத் திண்ணையில் பாய் போட்டுப் படுக்கிறார், இந்த வயதில் அது ஒரு பிழைப்பா என்றாள். எனக்குப் புருஷன் இருக்கிறார் என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. "மெகாங் அன்னிக்கு அவர் கறி கொண்டு வந்து வைப்பார். சம்மதம்னா எடுத்து அடுப்புல போடு. இல்லேன்னா படியிலேயே விட்டுடு, யாரும் வாயைத் தெறக்க வேணாம்," என்றாள். ஒரு வாரமாக நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. வந்தால் படியில் விட்டுவிடலாம் என்று ஒரு நாள் நினைத்தேன். நாய் இழுத்துக்கொண்டு போனால் பாவம், உள்ளே எடுத்து வைத்துவிட்டு இமாம் வீட்டில் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு நாள் நினைத்தேன். வராமலே போய்விட்டால் என்று ஒரு நாள் நினைத்தேன், அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனையும் நினைத்தவள் மருமகனுடையது என்று எடுத்து அடுப்பில் போட்டிருக்கிறேன், அதுவும் காடி ஊற்றி. காடி வாசம் காப்பிக் கடை வரை போகும். கடைசி பெஞ்சில், வாய்க்காலைப் பார்த்தபடி, அவர் இந்நேரம் உட்கார்ந்திருப்பார். அவர் மூக்குக்குள் என் சம்மதம் போய்க்கொண்டிருக்கிறது. இறக்கிவிடலாமா. இறக்கினால் வாசம் திரும்பி வந்துவிடுமா. நெருப்பைக் குறைத்தேன், பிறகு கறி வேகாதே என்று கூட்டினேன்.

இரு, இரு. அவருடையது என்று யார் சொன்னது. விதவைப் பங்கு ஒன்று இருக்கிறதே. ஊர்ப் பொதுவில் எருமை அடித்து, ஆம்பிளை இல்லாத வீடுகளுக்கும் வாப்பா இல்லாத பிள்ளைகளுக்கும் பங்கு வைக்கிறார்கள். வருஷா வருஷம் எனக்கும் ஒரு பங்கு வரும். வருஷா வருஷம் நான் பிரிக்காமல் தொழுகைக்கூடத்துக்கே திருப்பி அனுப்புவேன். ரவ்ஸா சின்னப் பிள்ளையாக இருந்தபோது பக்கத்து வீட்டுக் கறி வாசத்துக்கு அழுதிருக்கிறாள், நான் கருவாட்டைச் சுட்டு அவள் வாயில் வைத்தேன். நான் விதவை இல்லை, விதவைக் கறி எனக்கு எதற்கு. ராங்கிக்காரி என்று சொன்னார்கள், சொல்லட்டும், என் புருஷனை நான் கறிக்காகச் சாகடிக்கமாட்டேன் என்று இருந்தேன். ஒருவேளை இது அந்தப் பங்காக இருந்தால், இத்தனை வருஷத்துப் பட்டினியையும் இன்று காலை ஒரு நொடியில் கழுவி வெட்டிச் சட்டியில் போட்டுவிட்டேன். ஆனால் ஊர்ப் பங்கு பிளாஸ்டிக் பையில் அல்லவா வரும், பையன்கள் கூவிக்கொண்டே அல்லவா கொடுப்பார்கள். இது பாக்குமட்டை. வாழைநார், இரண்டு சுற்று, ஒரு சுருக்கு. கால் கழுவியவர் மூன்றாம் படி வரை வந்தவர். வெகுநாள் கழித்து வருகிற மனுஷன் தன் வீட்டுப் படியிலும் நிற்கத்தான் செய்வார், உள்ளே இன்னும் என் பாய் இருக்கிறதா என்று நிற்பார். மாரூஃப். இருக்கிறது. பாய் சுருட்டி வைத்திருக்கிறேன், கரையான் வராமல் வெயிலில் போட்டு எடுக்கிறேன். கறி வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று போனவர் கறி வாங்கிக்கொண்டு வந்தால் அதில் என்ன அதிசயம், கொஞ்சம் நேரமாகிவிட்டது, அவ்வளவுதானே. எழுந்து போய் வாசலைப் பார்த்தேன். வெயில் ஏறிவிட்டது, மூன்று படியும் காய்ந்துபோயிருந்தது, யார் நின்றார் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. கோழி ஒன்று இரண்டாம் படியில் எச்சம் இட்டிருந்தது.

ரவ்ஸாவிடம் கேட்டேன், பாக்குமட்டையில் யாராவது கறி கட்டுகிறார்களா இப்போது என்று, சும்மா கேட்கிற மாதிரி. அவள் பாக்கிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. இந்த வருஷம் ஊரில் பிளாஸ்டிக் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்களாம், இளவட்டங்கள் பிடிவாதமாம், ஊர்ப் பங்கு எல்லாமே மட்டையில்தான் கட்டினார்களாம், மட்டை பொறுக்க அவளே ரெண்டு நாள் போனாளாம். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, அவள் போனாள், நான்தான் சாப்பாடு கட்டிக்கொடுத்தேன். அடி கூறுகெட்டவளே என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஒரு பாக்குமட்டையைப் பார்த்துப் புருஷனை எழுப்பி உட்கார வைத்துவிட்டேன். சரி, அப்படியானால் இது ஊர்ப் பங்கு, முடிந்தது என்று நினைத்தபோது ரவ்ஸா அடுத்ததைச் சொன்னாள். இந்த வருஷம் பங்கு கொடுக்கிற வேலை மடைக்காரருக்காம். தண்ணியைப் பங்கு வைக்கிறவர் கறியையும் வைக்கட்டும் என்று விட்டுவிட்டார்களாம். அவர்தான் வீடு வீடாகக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தாராம், வெயில் ஏறும் முன்பே. அப்போது மூன்றாம் படியில் நின்றவர் அவர்தான். ஆனால் எந்தக் கறியோடு நின்றார், ஊர்க் கறியோடா, தன் கறியோடா. நின்றது ஒரு ஆள், இரண்டு காரணம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். போய்க் கேட்டுக்கொண்டு வா என்று ரவ்ஸாவை அனுப்பினேன். என்ன கேட்க என்றாள். எது என்று கேள், அவருக்குப் புரியும் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் மகளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இந்தக் கம்போங்கில் எனக்குத்தான் என் விஷயம் கடைசியாகத் தெரிய வருகிறது.

அவள் போய் வருகிறவரை நான் என்ன செய்தேன். உட்கார்ந்திருந்தேன். கிளறினேன். மடைக்காரர் ஒரு நாற்று நடவின்போது என் வயலுக்கு முறை வராத நாளில் தண்ணீர் திறந்துவிட்டார், ஏன் என்று கேட்டதற்கு நண்டு வரப்பைத் துளைத்துவிட்டது, தானாக வந்த தண்ணீர் என்றார். நண்டு. எத்தனை வருஷமாக என் வரப்பில் மட்டும் நண்டு. அப்போது எனக்குக் கோபம் வரவில்லை, அதை நினைத்துக் கோபப்பட்டேன், ஆனால் இரண்டு நாள் கழித்து. அவர் கால் எப்போதும் சேறு. மேலே வருகிற ஆளாக இருந்தால் கழுவ நிறையத் தண்ணீர் வேண்டும், ஜாடியை நிரப்ப வேண்டும். சீ, என்ன நினைப்பு இது, மாரூஃபின் பாய் சுருண்டிருக்கிற வீட்டில். மாரூஃப், நீங்கள் ஒரு தடவை முகத்தைக் காட்டினால் போதும், நான் இந்தச் சட்டியைக் கொண்டுபோய் வாய்க்காலில் கொட்டிவிடுவேன். நோன்புக்கு முந்தின நாள் கறியைக் கொட்டுவதா, அது பாவம் இல்லையா, யாருக்குப் பாவம்.

ரவ்ஸா மூச்சு வாங்க வந்து நின்றாள். காப்பிக் கடை முழுக்க ஆள் இருந்ததாம், இவள் போய் எது என்று கேட்டதும் எல்லாரும் தங்கள் காப்பியைப் பார்த்தார்களாம். மடைக்காரர் மட்டும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாராம். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன் என்று சொன்னாள்: "எருமை ஒண்ணுதான். எந்தப் பேர்ல எடுத்துக்கிட்டாங்கன்னு உங்க மாக்கிட்டயே கேளு." கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கள்ள மனுஷன். மடையைத் திறந்துவிட்டு நண்டு துளைத்தது என்கிற அதே புத்தி. என் தலையில் கட்டிவிட்டு அவர் காப்பி குடிக்கிறார். நான் எந்தப் பேரில் எடுத்தேன், மருமகன் பேரில் எடுத்தேன், தெரியாமல் எடுத்தேன், அது கணக்கில் வராது என்று சொல்லிவிடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாயில் காடிப் புளிப்பு இருந்தது. மிளகாய் நாக்கில் உறைத்தது. கையில் இருந்த அகப்பையைப் பார்த்தேன், நுனி ஈரம். உப்புப் பார்த்திருக்கிறேன். இப்போது இல்லை, எத்தனை தடவையோ பார்த்திருக்கிறேன், யார் கறி யார் கறி என்று உட்கார்ந்து யோசித்த நேரமெல்லாம் ஊதி ஊதி நக்கிப் பார்த்திருக்கிறேன், ஒரு துண்டு மென்றும் இருக்கிறேன், பல்லிடுக்கில் நார் இருக்கிறது. மருமகன் பை வந்தபிறகு மென்றது. அவனுடையது இல்லை என்று தெரிந்தபிறகு மென்றது. விதவையாகத் தின்றேனா, அவருக்குச் சரி என்று தின்றேனா, இரண்டுக்கும் வாசல் ஒன்றுதான், மாரூஃப் இல்லை என்கிற வாசல், அதைத் தாண்டித்தான் இரண்டுக்கும் போக வேண்டும். நான் தாண்டிவிட்டேன். உப்புப் பார்த்துக்கொண்டே தாண்டிவிட்டேன், எனக்கே தெரியாமல்.

"சாயங்காலம் அசருக்கு இமாமை வரச் சொல்லு. உங்க வாப்பாவுக்கு ஃபாத்திஹா ஓதணும்," என்றேன். ரவ்ஸா அழுதாள். வாப்பா முகத்தையே பார்க்காத பிள்ளை, அவள் ஏன் அப்படி அழ வேண்டும், நான் ஏன் அழுகிறேன், காடி இப்போது எரியக்கூட இல்லை. அவர் மவுத்தாகிவிட்டார், வெகுநாளாயிற்று, எந்தத் தண்ணீரில் என்று தெரியாது, என்று அவளிடம் சொன்னேன், என் குரல்தான் அது. சொல்லி முடித்ததும் அவர் வந்தார். நீலச் சட்டையும் இல்லை, வெள்ளைச் சட்டையும் இல்லை, வெறும் உடம்போடு இந்த அடுப்புக்கு எதிரே சம்மணம் போட்டு, ஒரு கன்னம் கறியால் உப்பியிருக்க, மேல் பல் ஒன்று இன்னொன்றின்மேல் ஏறியிருக்க, உப்பு ஜாஸ்தி என்கிறார். எப்போதும் அதையேதான் சொல்வார், சொல்லிக்கொண்டே இன்னொரு தட்டுக் கேட்பார். பல் தெரியத்தான் சிரிப்பார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், இமைக்கப் பயமாக இருந்தது, இமைத்தேன், அப்புறமும் இருந்தார். முதல் துண்டை அவர் தட்டில் எடுத்து வைத்து மூடினேன். ஜெய்லானியின் கறியை மஞ்சளும் உப்பும் பிசிறி வைக்க வேண்டும், முதல் நாள் நோன்பு திறக்க ஆகும், பாவம், அவனும் வரிசையில் நின்றுதானே வாங்கியிருக்கிறான். ரவ்ஸா மூக்கைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். பாதியில் நின்று, மடைக்காரர் கேட்டால் என்ன சொல்ல என்றாள். நெருப்பைத் தணித்தேன், சட்டியை மூடினேன், மூடியைத் திறந்து பார்த்தேன், மறுபடி மூடினேன்.

"ஃபாத்திஹாவுக்கு அவரும் வரட்டும்," என்றேன். "மூணாம் படியில நிக்காம மேலே வரச் சொல்லு." அவள் போனபிறகு கீழே இறங்கிக் கோழி எச்சத்தைக் கழுவிவிட்டேன். ஜாடியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது, கிணற்றிலிருந்து இறைத்து நிரப்பி வைத்தேன்.